விறகு பிளக்கும் மெஷினுக்கு ஒரு மேடையும் கருவிப் பெட்டியும்

விறகு பிளக்கும் மெஷின் என்றாலே பேச்சு டன் கணக்கில்தான் ஆரம்பிக்கும். எத்தனை டன் தள்ளும், எவ்வளவு தடித்த கட்டையைப் பிளக்கும் என்று கேட்பார்கள். அது முக்கியம்தான். ஆனால் அரை நாள் வேலை பார்த்துவிட்டு நிமிரும்போது வலிப்பது இடுப்பு. பிளக்கிற வேலையை மெஷின் பார்த்துக்கொள்கிறது. பிளந்த பாதி தரையில் விழுகிறதே, அதைக் குனிந்து எடுத்து மறுபடி மேலே ஏற்றுகிற வேலை நம் தலையில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 செ.மீ. விட்டம், 40 செ.மீ. நீளம் உள்ள உருளைக்கட்டை, ஈரம் காயாத கடின மரமாக இருந்தால் ஏறக்குறைய 50 கிலோ வரும். நடுவில் பிளந்தால் பாதிக்கு 25 கிலோ. ஒரு பாதி நம் தொடையில் சாய்ந்து நிற்கும். இன்னொன்று பீமுக்கு, அதாவது கட்டையைக் கிடத்தும் நீள இரும்புச் சட்டத்துக்கு, அந்தப் பக்கம் விழும். இந்தப் பாதியை இரண்டு மூன்று துண்டாக்கிவிட்டு, சுற்றிப் போய், குனிந்து, தரையில் கிடக்கும் 25 கிலோவைத் தொடை உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒவ்வொரு பெரிய கட்டைக்கும் இதே கதை. மெஷினின் வேகத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்த நடையும் குனிவும் குறையாது. அதனால்தான் பெரிய பம்ப், பெரிய சிலிண்டர் என்று யோசிக்காமல், பாதியைக் கீழே விழவிடாத ஒரு மேடையையும், கை நீட்டினால் கருவி கிடைக்கிற ஒரு ஏற்பாட்டையும் செய்தேன். எது ஏன் அந்த இடத்துக்குப் போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். அளவுகள் மெஷினுக்கு மெஷின் மாறும், காரணங்கள் பெரும்பாலும் மாறாது.

முதலில் உங்கள் மெஷின் எந்த வகை என்று பாருங்கள். என்னுடையதில் ஆப்பு சிலிண்டர் தண்டின் நுனியில் இருக்கிறது. அது நகர்ந்து வந்து, அசையாத முட்டுத் தகட்டோடு கட்டையை அழுத்திப் பிளக்கும். பிளந்த பாதிகள் அதே இடத்தில் இடமும் வலமுமாகச் சரியும். ஆகவே மேடை பீமுக்குப் பக்கவாட்டில், முட்டுத் தகட்டை ஒட்டி வர வேண்டும். ஆப்பு ஒரு முனையில் அசையாமல் நிற்க, தள்ளுதகடு கட்டையை அதன்மேல் தள்ளுகிற வகையும் உண்டு. அதில் துண்டுகள் ஆப்பைத் தாண்டி வெளியே போய் விழும், அதனால் மேடை ஆப்புக்குப் பின்னால் இருந்தால்தான் பயன். ஒரு வகைக்கான வடிவத்தைப் பார்த்து இன்னொரு வகைக்குச் செய்தால் இரும்புதான் வீண்.

இரும்பை வெட்டுவதற்கு முன் பலகையில் ஒரு மாதிரி கட்டிப் பார்ப்பது நல்லது. இரண்டு மர முக்காலிகள், மேலே ஒரு தடித்த பலகை, உயரத்தைக் கூட்டிக் குறைக்கச் சில சட்டங்கள், இவ்வளவுதான். மெஷினோடு எதையும் பிணைக்காமல் பக்கத்தில் நிறுத்தி வழக்கம்போல் வேலை செய்தேன். இப்படிச் செய்ததில் தெரிந்த விஷயங்களை எந்த வரைபடமும் சொல்லியிருக்காது. பலகை பீமின் மேல்மட்டத்துக்குச் சமமாக இருந்தபோது, விரிகிற பாதியின் அடிவிளிம்பு பலகையில் இடித்து நின்றது. அப்புறம் 2 செ.மீ. இறக்கினேன், பாதி வழுக்கிக்கொண்டு மேடைக்குப் போய்ப் படுத்தது. இன்னும் இறக்கினால் திரும்பப் பீம் மேல் ஏற்றும்போது ஒரு தூக்கு தேவைப்பட்டது. ஆக, 2 செ.மீ. இறக்கம். இழுத்தால் வந்துவிடும், தூக்க வேண்டியதில்லை.

அகலத்துக்கும் இதே சோதனைதான். அகலமாக இருந்தால் வசதி என்று தோன்றும். ஆனால் பீமிலிருந்து 40 செ.மீ.க்கு மேல் தள்ளிக் கிடக்கும் கட்டையை எட்டி இழுக்க, சூடான சிலிண்டர் பக்கமாக உடம்பைச் சாய்க்க வேண்டியிருந்தது. அதனால் 40 செ.மீ. போதும் என்று நிறுத்திக்கொண்டேன். பீமின் போக்கில் நீளம் 50 செ.மீ. நான் வெட்டுகிற கட்டையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்.

என் பக்கத்தில், அதாவது ஆப்பை நகர்த்தும் லீவர் இருக்கும் பக்கத்தில், மேடை வைக்கவில்லை. அங்கே மேடை இருந்தால் உடம்பு ஓரடி பின்னால் தள்ளப்படும், கையை நீட்டிக்கொண்டே லீவரைப் பிடிக்க வேண்டும். லீவர் பிடித்த ஆளின் கால் தரையில் உறுதியாக, முழங்கை மடங்கிய நிலையில் இருக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாரில்லை.

இனி முக்கியமான இடம். மேடையைப் பீமில் எப்படிப் பிடிப்பது?

100 மி.மீ. உள்விட்டமுள்ள சிலிண்டரில் 170 பார் அழுத்தம் ஏறினால் தண்டு தள்ளும் விசை சுமார் 13.5 டன். இந்த விசை முழுவதையும் தாங்குவது பீம். ஒரு பக்கம் சிலிண்டர் பின்னால் தள்ளுகிறது, மறுபக்கம் முட்டுத் தகடு வெளியே தள்ளப்படுகிறது, நடுவில் பீம் இழுபடுகிறது. விசை பீமுக்கு மேலே இருப்பதால் வளைவும் சேர்ந்துகொள்ளும். 'சி' கிளாம்பை இறுக்கும்போது அதன் உள்பக்கம் விரியப் பார்க்கிறதல்லவா, அதேபோல் ஐ வடிவப் பீமின் மேல் தகடுதான் அதிகம் இழுபடும். இழுபடுகிற தகட்டில் குறுக்கே ஒரு வெல்டிங் வைத்தாலோ, ஓரத்தில் துளை போட்டாலோ, அந்த இடத்தில் தகைவு, அதாவது இரும்புக்குள் ஏறும் இழுப்பு, குவிந்து, ஒவ்வொரு கட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்பு வளர வழியாகும். உடனே உடையாது என்பதுதான் இதில் ஆபத்து. அதனால் மேல் தகட்டைத் தொடவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆப்பின் அடியில் இருபுறமும் உள்ள பிடித்தகடுகள் மேல் தகட்டின் ஓரத்தை அடியிலும் சுற்றிப் பிடித்தபடிதான் நகர்கின்றன. அந்தப் பாதையில் ஒரு போல்ட் தலை நீட்டினாலும் இடிக்கும். கட்டை இல்லாமல் ஆப்பை மெதுவாக முழுத்தூரம் ஓடவிட்டு, அந்தப் பிடித்தகடுகள் எங்கே வரை வருகின்றன என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டேன்.

பிடிமானம் முழுவதும் கீழ்த்தகட்டில். 40 × 40 × 5 மி.மீ. 'எல்' வடிவ ஆங்கிளில் இரண்டு கவ்விகள், கீழ்த்தகட்டை மேலும் கீழும் கவ்வி, 12 மி.மீ. போல்ட்டால் இறுக்குகிற மாதிரி. கவ்வியிலிருந்து மேடையின் வெளியோரத்துக்குச் சாய்வாக ஒரு முட்டுக்கால் போகிறது. தரையில் ஊன்றும் கால் வைக்கவில்லை. மேடு பள்ளமான தரையில் அது ஒரு நாள் தொங்கும், ஒரு நாள் இடிக்கும், அடியில் சேரும் பட்டையைக் கூட்டவும் விடாது. 25 கிலோ கட்டைக்கு இவ்வளவு பிடிமானம் எதற்கு என்று கேட்கலாம். கட்டை மெல்ல இறங்கி உட்காராது, விழும். போதாததற்கு, களைத்த ஆள் யாராவது அதன்மேல் உட்காருவார். 100 கிலோ ஓரத்தில் அமர்ந்தாலும் அசையாத மாதிரி செய்வதுதான் சரி.

இப்படிக் கவ்வி போட்டதால் மெஷின்மேல் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்க வேண்டியிருக்கவில்லை. மேடையைத் தனியாகப் பட்டறையில் வெல்ட் செய்து, கொண்டுவந்து போல்ட் போட்டதுதான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மெஷினோடு சேர்த்து வெல்டிங் செய்யும்போது மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளிப்பைக் கண்ட இடத்தில் மாட்டினால், மின்சாரம் சிலிண்டர் வழியாகவோ சக்கரப் பேரிங் வழியாகவோ போய் அவற்றைக் கெடுக்கலாம். தெறிக்கும் பொறி தண்டின் குரோம் பூச்சில் ஒட்டினால், தண்டு உள்ளே போய் வரும்போதெல்லாம் ஆயில் சீலைக் கீறும், கசிவு அப்படித்தான் தொடங்கும். ஆயில் தொட்டியும் பெட்ரோல் டேங்கும் பக்கத்தில் இருக்கும்போது நெருப்பு வேலை செய்வதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சில மெஷின்களில் சக்கர அச்சுக்குழாயே ஆயில் தொட்டியாக இருக்கும், வெறும் குழாய் என்று நினைத்து அதில் எதையும் பற்றவைத்துவிடாதீர்கள். துத்தநாகம் பூசிய பழைய குழாய்களைச் சட்டத்துக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், வெல்ட் வரும் இடத்தில் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். துத்தநாகம் எரிந்து வரும் வெள்ளைப்புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

மேடையின் மேல்பரப்புக்கு முழுத்தகடு வேண்டாம் என்று முடிவு செய்தேன். தகட்டில் பட்டையும் தூளும் சேர்ந்து, மழை பட்டால் ஊறி, கட்டை வழுக்கும். வலைத்தகடு போட்டால் சிராய்கள் அதன் துளைகளில் செருகிக்கொண்டு நிற்கும். 30 × 6 மி.மீ. பட்டைக்கம்பிகளை 25 மி.மீ. இடைவெளி விட்டு வரிசையாக வைத்தேன், பீமுக்குக் குறுக்காக. கட்டையை நம் பக்கம் இழுக்கும் திசையும் கம்பியின் திசையும் ஒன்றாக இருப்பதால், தண்டவாளம் மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறது. பீமுக்கு இணையாக வைத்திருந்தால் ஒவ்வொரு கம்பியிலும் தட்டித் தட்டி வரும். தூளும் பட்டையும் தானாகவே கீழே கொட்டிவிடும்.

மேடைக்கும் பீமுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. நசுங்கும் இடங்களில் விரலுக்குக் குறைந்தது 25 மி.மீ., கைக்கு 100 மி.மீ. இடம் வேண்டும் என்பது இயந்திரப் பாதுகாப்பில் உள்ள பொதுவான அளவு. பிடித்தகட்டின் வெளியோரத்திலிருந்து 30 மி.மீ. தள்ளி மேடையை ஆரம்பித்தேன். அந்தச் சந்தில் சிராய் மாட்டினால் கொக்கியால்தான் எடுப்பது, அதுவும் ஆப்பு நின்ற பிறகு. மூலைகள் எல்லாம் கிரைண்டரில் உருட்டப்பட்டவை. இந்த உயரத்தில் ஒரு கூர்மூலை இருந்தால் அது தொடையைத் தேடி வரும்.

எல்லாம் சேர்ந்து சுமார் 15 கிலோ. ஒரு பக்கமாகத் தொங்குகிற எடை என்பதால், மெஷினை வண்டியில் பூட்டி இழுப்பவர்கள் கவனிக்க வேண்டும். மேடை கீலில் மடிந்து கீழே தொங்கும்படி செய்து, ஆடாமல் இருக்க ஒரு இரும்பு 'பின்' செருகி வைத்திருக்கிறேன். பீமை நிமிர்த்தி நிறுத்தியும் வேலை செய்ய முடிகிற மெஷினாக இருந்தால், மடிப்பது போதாது. கழற்ற வருகிற மாதிரியே செய்துவிடுங்கள். எடை சேர்த்த பிறகு, வண்டியில் பூட்டும் கொக்கிமுனையைக் கையால் தூக்கிப் பாருங்கள். இழுக்கும் வண்டியின்மேல் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அமர வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. முனை லேசாக எழும்பினால், சுமை சக்கரத்துக்குப் பின்னால் போய்விட்டது என்று பொருள். ஓட்டத்தில் மெஷின் ஆட ஆரம்பிக்கும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். எல்லாக் கருவிகளையும் மெஷினிலேயே மாட்டிவிட ஆசை வரும். எது வேலையின் நடுவில் தேவை, எது ஆரம்பத்திலும் முடிவிலும் தேவை என்று பிரித்தால் பாதி கழிந்துவிடும்.

நடுவில் தேவைப்படுவது முதலில் கைக்கோடரி. முறுக்கு நார் உள்ள மரம் ஆப்பு முழுத்தூரம் வந்த பிறகும் முழுசாகப் பிரியாது. இரண்டு பாதிக்கும் நடுவே விரல்தடிமனில் நார்கள் நீண்டு, இழுத்தால் விரிந்து, விட்டால் மறுபடி சுருங்கி ஒட்டப் பார்க்கும். அதைக் கையால் பிய்க்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். ஆப்பைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு, கோடரியால் ஒரு வெட்டு, வேலை முடிந்தது. கோடரி கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் யாரும் அதை எடுக்கப் போகமாட்டார்கள், கைதான் உள்ளே போகும். ஆகவே அதற்குத்தான் முதல் இடம். லீவருக்குப் பின்னால், இடுப்பு உயரத்தில், வாய்ப்பக்கம் தடித்த ரப்பருக்குள் மறையும்படி ஒரு தகட்டுப் பள்ளம்.

அடுத்து கொக்கி. நீளக் கைப்பிடியின் நுனியில் வளைந்த கூர்மூக்கு இருக்குமே, அது. மேடையில் கிடக்கும் பாதியைப் பீமுக்கு மேலே எட்டிப் பிடிக்காமல் இழுக்க இதைவிட நல்ல துணை கிடையாது. மேடையும் கொக்கியும் ஜோடி என்றே சொல்வேன். கைப்பிடியைக் குழாயில் இறக்கி வைத்தால் கூர்மூக்கு வயிற்றுக்கு நேராக வெளியே நிற்கும். அதைத் தவிர்க்க, மூக்கே ஒரு குட்டைக் குழாய்க்குள் போய் மறைகிற மாதிரி, தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறேன்.

சம்மட்டியும் இரும்பு ஆப்பும் எப்போதாவது வேண்டியவை. அவை சக்கரத்துக்கு மேலே. கைப்பிடிகள் இறங்கும் குழாய்களின் அடியை மூடவில்லை, மழைத்தண்ணீர் வழிந்துவிட வேண்டும். எதை எடுக்கவும் பீமுக்குக் குறுக்கே கை போகக் கூடாது என்பதைத்தான் இடம் தேர்ந்தெடுப்பதில் விதியாக வைத்துக்கொண்டேன்.

மூடியுள்ள தகரப்பெட்டி ஒன்று அதே பக்கத்தில். உள்ளே 13, 19 ஸ்பேனர், ஸ்பார்க் பிளக் ஸ்பேனர், கம்பி பிரஷ், கிரீஸ், துணி, முதலுதவிப் பொருள்கள், ஒரு கனமான அட்டை. அட்டை எதற்கு என்றால், ஆயில் போகும் ஹோஸில் கசிவு எங்கே என்று தேட. ஊசித்துளை வழியாகப் பீறிடும் ஹைட்ராலிக் ஆயில் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே வராமல் இருக்கலாம். அது அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்படக்கூடிய காயம், அப்படிப் பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் போவதற்கு, அட்டை பெட்டியிலேயே இருப்பது உதவும்.

பெட்டிக்குள் ரப்பர் விரிப்பு போட்டு, நான்கு மூலையிலும் 6 மி.மீ. துளை போட்டேன். ரப்பர் சத்தத்துக்காக. ஸ்பேனர்கள் தகரத்தில் கடகடவென்று ஆடினால் எரிச்சல் மட்டுமல்ல, மெஷினின் குரலையும் அது மறைக்கிறது. இரண்டு நிலை பம்ப் உள்ள மெஷினில், ஆப்பு கட்டையில் முட்டி அழுத்தம் ஏறும்போது பம்ப் வேகத்தைக் குறைத்து வலுவுக்கு மாறும், எஞ்சின் சத்தமும் கனக்கும். அந்த மாற்றத்தைக் கேட்டே கணு இருக்கிறதா, கட்டை கோணலாக நிற்கிறதா என்று ஊகித்துவிடலாம். காதுக்கவசம் போட்டிருந்தாலும் அது கேட்கும், கடகடப்பு இல்லையென்றால்.

பெட்ரோல் கேனுக்கு மெஷினில் இடம் கொடுக்காதீர்கள். இடம் இருக்கிறதே என்று சைலன்சருக்குப் பக்கத்தில் ஒரு தாங்கி செய்துவிடத் தோன்றும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கிப் படரும். கேன் தள்ளி நிழலில் இருக்கட்டும், எஞ்சின் ஆறிய பிறகு ஊற்றுங்கள். தீயணைப்பான் மெஷினில் இருக்கலாம், ஆனால் எஞ்சினைக் கடந்து போகாமல் எடுக்க முடிகிற முனையில். பெட்டியும் மேடையும் எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை மறைக்காமல் இருப்பதையும், எந்த விளிம்பும் ஹோஸில் உரசாமல் இருப்பதையும் எஞ்சின் ஓடும்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் அதிர்வில் சாதாரண நட் நிற்காது. உள்ளே நைலான் வளையம் உள்ள நட் போட்டு, இறுக்கிய பிறகு நட்டிலிருந்து ஆங்கிள் வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்தேன். கோடு முறிந்து தெரிந்தால் நட் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம், ஸ்பேனர் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. முதல் முறை ஓட்டிய பிறகு எல்லாவற்றையும் ஒரு சுற்று மீண்டும் இறுக்குவது அவசியம்.

மேடை வந்த பிறகு இரண்டு பேர் சேர்ந்து வேலை செய்யும் விதமும் மாறியது. முன்பு ஒருவர் லீவரைப் பிடிக்க, மற்றவர் எதிர்ப்பக்கம் நின்று விழும் பாதியைத் தாங்குவார். லீவர் ஒருவர் கையிலும் கட்டை இன்னொருவர் கையிலும் இருப்பது இந்த வேலையில் மிகவும் அஞ்ச வேண்டிய ஏற்பாடு. ஒருவர் விரலை எடுத்துவிட்டார் என்று மற்றவர் நினைக்க ஒரு நொடி போதும். இப்போது எதிர்ப்பக்கத்தில் ஆளுக்கு வேலையே இல்லை. இரண்டாவது ஆள் கட்டைகளை உருட்டி என் பக்கம் கொண்டுவருவார், பிளந்ததை அடுக்குவார். கட்டையை வைப்பதும் லீவரை அழுத்துவதும் ஒரே ஆள்.

வேலை முடிந்ததும் மேடையை மடித்து, பிடித்தகடுகள் ஓடும் பாதையில் அப்பியிருக்கும் பட்டையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பீமின் மேல் தகட்டில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி வைக்கிறேன். கவ்விகளின் ஓரத்தில் பெயிண்ட் உரியும் இடங்களில்தான் துரு முதலில் தலைகாட்டும். அங்கே ரெட் ஆக்சைடை ஒரு கை தடவிவிட்டு, மேலே பழைய நிறத்தையே பூசிவிடுகிறேன். மேடையின் வெளியோரம் மட்டும் மஞ்சள், மாலை மங்கலிலும் தெரிய வேண்டும் என்பதற்காக.